வீட்டுக்கு வந்த பிறகு

சென்ற தவக்காலத்தில் ஒரு நாள், காலைத் திருப்பலி முடிந்து மக்கள் அனைவரும் கலைந்த பின்னும் ஒரு தாய் மட்டும் கோவில் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய மகன் மூன்றாம் முறையாக மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி ஒரு வாரமே ஆகியிருந்தது. மாத்திரைகளை வேளை தவறாமல் கொடுப்பதாகவும், நேர்ச்சைகள் பல செய்துவிட்டதாகவும், ஆயினும் ஐந்தாறு மாதங்களுக்குள் நோய் மீண்டும் தலைதூக்கிவிடுவதாகவும் அவர் கூறினார். “ஆஸ்பத்திரியிலே நல்லாத்தான் இருக்கான் சாமி. வீட்டுக்கு வந்த பிறகுதான்…” என்றவர், வாக்கியத்தை முடிக்காமலே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முடிவுறாத அந்த வாக்கியம் என்னை நெடுநாள் உறங்கவிடவில்லை. குருமடத்தில் தத்துவ இயல் பயின்ற நாட்களில் உளவியலும் எங்களுக்கு ஒரு பாடமாக இருந்தது. மனநோய்களின் பெயர்களையும் அறிகுறிகளையும் வரிசையாக மனப்பாடம் செய்து தேர்வெழுதினோம். நோயாளி திரும்பிச் செல்லும் வீட்டைப் பற்றி அந்தக் குறிப்பேட்டில் ஒரு வரிகூட இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் நாங்கள் படிப்பதற்கு வெகு காலம் முன்பே, லண்டன் மாநகரில் சில ஆராய்ச்சியாளர்கள் அந்தத் தாயின் வாக்கியத்தை முழுமை செய்து பார்த்திருந்தனர் என்பதைப் பிற்பாடு நூல்களைத் தேடிப் படித்தபோதுதான் அறிந்தேன். அதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மனச்சிதைவு நோய் என்று மருத்துவர்கள் அழைக்கும் நோயைப் பற்றியே இங்குப் பேசுகிறோம். பிறர் காதில் விழாத குரல்கள் நோயாளியின் காதில் விழுகின்றன. அண்டை வீட்டார் தனக்கு எதிராகச் சதி செய்வதாக அவர் நம்புகிறார். இவை வெளிப்படையாகத் தெரியும் அறிகுறிகள். இவற்றோடு ஓசையின்றி வரும் வேறு சில அறிகுறிகளும் உண்டு: முயற்சி குன்றுதல், பேச்சு அருகுதல், குளிக்கவும் உடுத்தவும்கூட மனம் எழாமை. உலகில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர் இந்நோயால் துன்புறுவதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. ஆயிரம் குடும்பங்கள் கொண்ட ஒரு பங்கில் பத்துப் பேருக்குக் குறையாமல் இருப்பார்கள் என்றாகிறது. அவர்களில் எத்தனை பேரை நாம் ஞாயிறு திருப்பலியில் காண்கிறோம்?

1952இல் பாரிஸ் நகர மருத்துவர்கள் குளோர்ப்ரோமசின் என்னும் மருந்தை மனநோயாளருக்குக் கொடுத்துப் பயன் கண்டனர். அதுகாறும் உயர்ந்த மதில்களுக்குள் ஆயுளைக் கழித்த பலர் வீடு திரும்பத் தொடங்கினர். ஆனால் திரும்பியவர்களில் பலர் சில மாதங்களில் மீண்டும் மருத்துவமனைக் கதவைத் தட்டினர். அது ஏன் என்று ஆராயும் பொறுப்பு ஜார்ஜ் பிரவுன் என்னும் சமூகவியலாளரிடம் வந்தது. அவரும் அவருடைய தோழர்களும் லண்டன் பகுதி மனநல மருத்துவமனைகளிலிருந்து வெளியேறிய 229 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து, 1958இல் தங்கள் முடிவை வெளியிட்டனர்.

அம்முடிவு அவர்களையே வியப்பில் ஆழ்த்தியது. தாய் தந்தையரிடமோ மனைவியிடமோ திரும்பிச் சென்றவர்களைவிட, உடன்பிறந்தாரோடு தங்கியவர்களும், வாடகை விடுதிகளில் முன்பின் தெரியாதவர்களோடு தங்கியவர்களும் நலமாக இருந்தனர்! பெற்ற தாயின் கைச்சோற்றைவிட விடுதிக்காரியின் சோறு நோயாளிக்கு நல்லதா? இதை வாசிக்கும் தாய்மாரின் உள்ளம் புண்படும் என்பதை அறிவேன். சற்றே பொறுத்து, மேலே படிக்குமாறு அவர்களை வேண்டுகிறேன். இக்கதை அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி முடிவதன்று.

அன்பு மிகுந்த இடத்தில் ஏன் நோய் மிகுகிறது? இதற்கு விடை காண வேண்டுமானால் ஒரு வீட்டின் உணர்ச்சிச் சூழலை அளந்தாக வேண்டும். வெப்பத்தை அளக்கக் கருவி உண்டு. வீட்டுப் பேச்சின் வெப்பத்தை அளப்பது எங்ஙனம்? பிரவுனும் அவரோடு உழைத்த மைக்கேல் ரட்டர் என்னும் மருத்துவரும் இதற்கென ஒரு நேர்காணல் முறையை வகுத்தனர். நோயாளி உடன் இல்லாத வேளையில், உறவினரை உட்காரவைத்து, நோய் தொடங்கிய நாள் முதல் நடந்தவற்றைச் சொல்லச் செய்வார்கள். தொடக்கத்தில் இது நான்கைந்து மணி நேரம் நீண்டதாம். பேச்சு முழுவதும் ஒலிநாடாவில் பதிவாகும். பின்னர் பயிற்சி பெற்றவர்கள் அதைக் கேட்டு, சொல்லை மட்டுமன்றி, சொல்லும் குரலின் ஏற்ற இறக்கத்தையும் வேகத்தையும் கொண்டு மதிப்பிடுவார்கள்.

குரலுக்கு ஏன் இத்துணை மதிப்பு என்று கேட்கலாம். “சாப்பிட்டாயா?” என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் வந்த பிள்ளையிடம் தாய் கேட்கும்போது அது தண்ணீர்ச் செம்பு. பகல் பன்னிரண்டு மணிக்குப் படுக்கையிலிருந்து எழுந்த பிள்ளையிடம் கேட்கும்போது அதே சொல் சாட்டையாகிவிடும். எழுத்தில் இரண்டும் ஒன்றே.

இவ்வாறு அளந்ததற்கு ‘வெளிப்படும் உணர்ச்சி’ என்று அவர்கள் பெயரிட்டனர். அதில் மூன்று கூறுகள் நோயாளிக்குக் கேடு செய்வனவாகத் தோன்றின. இடைவிடாமல் குறை கூறுதல் ஒன்று. குறையைத் தாண்டி ஆளையே வெறுத்தொதுக்கும் பகைமை மற்றொன்று. மூன்றாவதுதான் நம்மைத் திடுக்கிடச் செய்வது: அளவு மீறிய ஈடுபாடு. முப்பது வயது மகனைக் கைக்குழந்தையைப் போல் நடத்தி, அவன் தும்மினாலும் பதறி, தன் உணவையும் உறக்கத்தையும் துறந்து, அவன் முகத்தையே இமை கொட்டாமல் பார்த்திருப்பது. நாம் இதைத் தியாகம் என்போம். நோயாளிக்கோ மூச்சு முட்டுகிறது.

1972இல் பிரவுன், பர்லி, விங் ஆகியோர் 101 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டனர். உணர்ச்சி வெளிப்பாடு மிகுந்த வீடுகளுக்குச் சென்றவர்களில் ஒன்பது மாதங்களுக்குள் மீண்டும் நோயுற்றோர் நூற்றுக்கு 58 பேர். அமைதியான வீடுகளுக்குச் சென்றவர்களில் 16 பேர். 1976இல் கிறிஸ்டின் வான் அம்மையாரும் ஜூலியன் லெஃப் என்னும் மருத்துவரும் மற்றொரு குழுவில் இதைச் சோதித்து, முன்னைய கணக்கோடு சேர்த்து மொத்தம் 128 பேரை ஆராய்ந்தனர். மிகுந்த வீடுகளில் 51 விழுக்காடு, அமைதியான வீடுகளில் 13 விழுக்காடு என்றாயிற்று. வாரத்தில் 35 மணி நேரத்துக்கு மேல் அத்தகைய உறவினரோடு முகத்துக்கு முகம் கழித்தவர்களிடையே 69 விழுக்காடு. அதற்குக் குறைவாகக் கழித்தவர்களிடையே 28 விழுக்காடுதான். அடுத்து வந்த ஆண்டுகளில் பல நாடுகளில் இச்சோதனை திரும்பத் திரும்ப நடந்தது. 1994இல் 25 ஆய்வுகளைச் சேர்ந்த 1,346 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்தபோது, முறையே 50, 21 என்ற விழுக்காடுகள் கிடைத்தன. வேறுபாடு சற்றுக் குறைந்ததே தவிர மறையவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. வீடு அமைதியாக இருந்தால் மாத்திரை வேண்டாம் என்று எவரும் பொருள் கொள்ளலாகாது. ஒன்பது மாதக் கணக்கில் அப்படித் தோன்றியது உண்மையே. அதே நோயாளிகளை இரண்டாண்டு தொடர்ந்து பார்த்தபோது, அமைதியான வீட்டில் இருந்தவர்களையும் மருந்து காப்பாற்றியது தெரியவந்தது.

உள்ளத்தில் நிகழ்வது உடலில் எங்கே தெரிகிறது என்ற வினாவும் எழுந்தது. நமக்கு அச்சமோ பதற்றமோ வரும்போது உள்ளங்கை வியர்க்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு வியர்வையும் தோலின் மின்கடத்தும் ஆற்றலைக் கூட்டிவிடும். விரல்களில் சிறு மின்வாய்களைப் பொருத்தினால் அந்த ஏற்ற இறக்கத்தைத் தாளில் வரைந்து காணலாம். 1979இல் நிக்கலஸ் டேரியரும் மேற்சொன்ன லண்டன் அறிஞர்களும் இக்கருவியை நோயாளிகளின் வீட்டுக்கே எடுத்துச் சென்றனர். முதலில் நோயாளி உறவினர் இன்றி ஆராய்ச்சியாளரோடு அமர்ந்திருப்பார். கோடு மேலும் கீழுமாகத் துள்ளும். பிறகு உறவினர் உள்ளே வந்து அமர்வார். வந்தவர் அமைதியான உறவினராயின், சிறிது சிறிதாகத் துள்ளல் அடங்கியது. வந்தவர் குறை கூறும் வழக்கமோ அளவு மீறிய ஈடுபாடோ உடையவராயின், அது அடங்கவே இல்லை.

இந்தச் சோதனையில் என் மனத்தைத் தொட்டது ஒன்று உண்டு. கெட்ட உறவினர் நோயைக் கூட்டினார் என்பதை நாம் எதிர்பார்த்திருப்போம். நல்ல உறவினர் வெறுமனே வந்து உட்கார்ந்ததே மருந்தாயிற்று என்பதை எதிர்பார்த்தோமா? நோயாளியைச் சந்திக்கச் செல்லும்போது என்ன பேசுவது என்று தடுமாறும் நம் மரியாயின் சேனை அங்கத்தினர்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

மனச்சோர்வு நோயிலும் இதே கதைதான். சொல்லப்போனால், அங்கே வார்த்தை இன்னும் எளிதாகக் காயப்படுத்துகிறது. ஜில் ஹூலி என்னும் உளவியல் அறிஞர் மனச்சோர்வுற்று மருத்துவமனையில் இருந்த கணவன்மார் மனைவிமாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “உங்கள் துணைவர் உங்களை எவ்வளவு குறை சொல்கிறவர்? ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள்.” நெடிய நேர்காணலைவிட அந்த ஓர் எண் நோய் திரும்பி வருவதைச் சரியாக முன்னறிவித்ததாக 1989இல் எழுதினார். பின்னர் அமெரிக்காவில் அவரும் தோழர்களும், மனச்சோர்விலிருந்து குணமான பெண்களுக்கு அவரவர் தாயின் குரலில் பதிவான குறைமொழிகளை முப்பது நொடிகள் ஒலிக்கச் செய்து, அவ்வேளையில் மூளையைப் படம் பிடித்தனர். நோயே காணாத பெண்களிடம், நெற்றிக்குப் பின்னால் உள்ள, உணர்ச்சியை அடக்கியாள உதவும் ஒரு பகுதி விழித்தெழுந்தது. குணமான பெண்களிடம் அது அவ்வாறு எழவில்லை. நலமாக நடமாடிய பெண்கள்தாம் அவர்கள். ஆயினும் தாயின் கடுஞ்சொல்லைத் தாங்கும் கேடயம் அவர்களிடம் தளர்ந்தே இருந்தது.

இனி, தாய்மாரை நோக்கி நீட்டப்படும் விரலைப் பற்றிப் பேசியாக வேண்டும். 1948இல் ஃபிரீடா ஃபிராம் ரைக்மன் என்னும் மருத்துவர், மனச்சிதைவு நோயைப் பிள்ளையிடம் உண்டாக்கும் தாய் என்று ஒரு சொல்லைப் புனைந்தார். சான்று ஏதுமின்றி அச்சொல் பல்லாண்டுகள் மருத்துவ உலகில் உலவியது. எத்தனை தாய்மார் அதனால் நெஞ்சு வெந்து மடிந்தனரோ, ஆண்டவருக்கே வெளிச்சம். அக்கருத்து இன்று கைவிடப்பட்டுவிட்டது. நோயின் வேர் மரபணுக்களிலும் மூளை வளர்ச்சியிலும் இருக்கிறது. குடும்பத்தின் பேச்சு நோயைப் படைப்பதில்லை. வந்த நோய் அடங்கிக் கிடக்குமா, மீண்டும் எழுமா என்பதில்தான் பேச்சுக்குப் பங்கு உண்டு. ஆறிவரும் புண்ணை ஆடை உரசுவது போன்றது அது. புண்ணை உண்டாக்கியது ஆடையன்று.

குறை கூறுபவர்கள் தீயவர்களும் அல்லர். அவர்கள் எதைக் குறித்துக் குறை கூறுகிறார்கள் என்று வானும் லெஃப்பும் பிரித்துப் பார்த்தனர். இல்லாத குரல் கேட்பதையோ பொய்யான ஐயங்களையோ குறித்து எவரும் அதிகம் சினக்கவில்லை. அவை நோய் என்பது எல்லாருக்கும் தெரிகிறது. சினமெல்லாம் ‘படுத்தே கிடக்கிறான், குளிப்பதில்லை, பேசுவதில்லை, ஒரு துரும்பையும் எடுத்துப் போடுவதில்லை’ என்பவற்றின் மேல்தான். அதாவது, ஓசையின்றி வரும் அறிகுறிகளை உறவினர் நோயாகக் காணாமல் சோம்பலாகக் கண்டனர். காய்ச்சலில் கிடப்பவனை ஏன் நடுங்குகிறாய் என்று யாராவது அதட்டுவார்களா?

நான் அதட்டியிருக்கிறேன். மேலே சொன்ன இளைஞனை அவன் இரண்டாம் முறை நோயுறுவதற்கு முன் ஒருநாள் பங்கு இல்லத்துக்கு வரவழைத்து, “வயதான தாய் கூலி வேலைக்குப் போக, வாட்டசாட்டமான நீ பாயில் கிடக்கலாமா?” என்று கேட்டேன். தாய்தான் அப்படிக் கண்டிக்கும்படி என்னிடம் கேட்டுக்கொண்டார். நானும் அதை என் கடமையாக எண்ணினேன். அவன் பதில் ஏதும் சொல்லாமல், தரையைப் பார்த்து நின்றிருந்துவிட்டுப் போனான். அன்று அவன் விரலில் அந்த மின்வாய் இருந்திருந்தால் கோடு எப்படித் துள்ளியிருக்கும் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

குடும்பத்தின் பேச்சை மாற்ற முடியுமா? மாற்றினால் பயன் உண்டா? லெஃப்பும் தோழர்களும் 1982இல் இதற்கு விடை தந்தனர். உணர்ச்சி வெளிப்பாடு மிகுந்த வீடுகளைச் சேர்ந்த 24 நோயாளிகளைத் தேர்ந்து, அனைவருக்கும் மருந்து கொடுத்து, அவர்களில் பாதிப் பேரின் குடும்பங்களுக்கு மட்டும் தனிக் கவனம் அளித்தனர். முதலில் வீடு தேடிச் சென்று, நோயின் காரணம், அறிகுறி, போக்கு, பராமரிப்பு ஆகியவற்றை நான்கு சிறு சொற்பொழிவுகளாக எளிய மொழியில் வாசித்து விளக்கினர். அதன்பின் உறவினர்களை இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை ஓரிடத்தில் கூட்டினர். இக்கூட்டத்தில் ஒரு நுட்பம் இருந்தது. குறை கூறுவோரை மட்டும் அழைக்காமல், இயல்பாகவே அமைதியாக இருக்கத் தெரிந்த உறவினரையும் அவர்களோடு கலந்து உட்காரவைத்தனர். “அவன் எழ மறுக்கும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று ஒரு தாய் மற்றொரு தாயிடம் கேட்டறிந்தார். டாக்டர் சொல்லிக் கேளாததை, அதே துன்பத்தில் இருக்கும் இன்னொருத்தி சொல்லிக் கேட்டார்கள். நோயாளியும் உறவினரும் நாள் முழுதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கும் நேரத்தைக் குறைக்கவும் வழி செய்தனர்.

ஒன்பது மாதங்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் மீண்டும் நோயுற்றனர். குடும்பத்தோடு பராமரிக்கப்பட்டவர்களில் நோயுற்றவர் ஒரே ஒருவர். சிறிய எண்ணிக்கைதான். ஆனால் பின்னர் பல நாடுகளில் நடந்த சோதனைகளும் இதே திசையைக் காட்டியதால், பிரிட்டனில் இன்று இத்தகைய குடும்பப் பராமரிப்பு மனச்சிதைவு நோய்க்குரிய சிகிச்சை நெறிகளில் இடம்பெற்றிருக்கிறது.

நம் நாட்டைப் பற்றியும் ஒரு சொல். உலகச் சுகாதார நிறுவனம் ஒன்பது நாடுகளில் நடத்திய ஆய்வில், ஆக்ரா, இபாடான் போன்ற நகரங்களின் நோயாளிகள், செல்வ நாடுகளின் நோயாளிகளைவிட மேலான நிலையில் காணப்பட்டனர். இம்முடிவைப் பிற்கால அறிஞர் சிலர் ஐயுற்றும் எழுதியுள்ளனர். ஆயினும் காரணம் தேடிய லெஃப், சண்டிகரில் டாக்டர் விக் என்பவரோடு இணைந்து அங்குள்ள குடும்பங்களை அதே முறையில் அளந்தார். 1987இல் வெளியான அக்கணக்கின்படி, உணர்ச்சி வெளிப்பாடு மிகுந்த வீடுகள் அங்கே நூற்றுக்கு 23 மட்டுமே. லண்டனில் அது ஏறத்தாழ பாதி. நம்மவர் குறை கூறுவது குறைவு என்பதை நம் தெருக்களில் நடந்து பழகிய நான் சற்றுத் தயக்கத்தோடுதான் நம்புகிறேன். கூட்டுக் குடும்பத்தில் ஒரு நோயாளியின் சுமையைப் பத்துத் தோள்கள் பகிர்ந்தன. இன்று அதே சுமை ஒரு விதவைத் தாயின் ஒற்றைத் தோளில் அல்லவா கிடக்கிறது?

குடும்பத்தைச் சிகிச்சையில் சேர்க்கும் எண்ணம் நமக்கு இரவல் வந்ததன்று. 1950களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், வளாகத்துக்குள் கூடாரங்கள் அடித்து, நோயாளிகளோடு உறவினரையும் தங்கவைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலும் உறவினர் உடன் தங்கும் வழக்கம் அந்நாளிலேயே வேரூன்றியது. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி மையம் குடும்பத்தாருக்கும் வழிகாட்டி வருகிறது. நாமோ இன்னமும் நோயாளியைத் திருத்தலம் திருத்தலமாக அழைத்துச் சென்று, பேய் என்று சொல்லி, சில இடங்களில் கட்டியும் வைக்கிறோம். நம் திருத்தலங்கள் சிலவற்றின் மண்டபங்களிலேயே இக்காட்சியைக் கண்டிருக்கிறேன். வேண்டுதல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விலங்கு வேண்டாம், மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

அந்தத் தாயை நான் ஒரு மாலை மீண்டும் அழைத்துப் பேசினேன். மருத்துவமனைச் செவிலியர் ஒருவரும் உடன் இருந்தார். படித்தவற்றை என்னால் இயன்ற எளிய மொழியில் சொல்லி முடித்ததும், அவர் கேட்ட முதல் கேள்வி, “அப்போ நான் திட்டினதாலேதான் இது வந்துச்சா சாமி?” என்பதே. இல்லை அம்மா என்றேன். திட்டியவர்களில் நானும் ஒருவன் என்றேன். அவர் சிறிது நேரம் என்னையே பார்த்திருந்தார்.

ஒரே நாளில் எதுவும் மாறிவிடவில்லை. பிற்பகலில் இரண்டு மணி நேரம் அண்டை வீட்டு அக்கா ஒருத்தி அவனைத் தன் பெட்டிக்கடையில் உட்காரவைத்துக்கொள்ள இசைந்தார். தாய்க்கு அந்நேரம் ஓய்வு. அவன் கடையில் பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறானாம். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு தலைமாட்டில் நின்று கெஞ்சுவதைத் தாய் விட்டுவிட்டார். தண்ணீரோடு திண்ணையில் வைத்துவிட்டு, தான் முற்றம் பெருக்கப் போய்விடுகிறார். திரும்பி வரும்போது செம்பு காலியாக இருக்கிறது. சில நாள் இருப்பதில்லை. அப்போது இன்னொருமுறை, குரலை உயர்த்தாமல் நினைவூட்டுகிறார். இப்போது எட்டாவது மாதம் நடக்கிறது. போன வாரம் அவ்வழியே சென்றபோது காலை பத்து மணி இருக்கும். உள்ளே அவன் உறங்கிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் தாய் உதட்டில் விரலை வைத்து, திண்ணையில் உட்காரும்படி சைகை காட்டினார்.